ரப்பர் புள்ளி

பழைய வீராவில் மூன்று திருகுகள்.
இடது ஓரத்தில் காற்று, நடுவில் குளிர்.
மூன்றாவது எதற்கென்று பதினாறு வருடமும்
எனக்குத் தெரியாது.
ஆனாலும் திருகுவேன்
சிகப்பு விளக்கில், சும்மா.

புதியதில் ஒரே கண்ணாடி.
தோசைக்கல் அகலம்.
விற்ற பையன் வெய் கியாட் துணியால் துடைத்துக் காட்டினான்.
கடை முழுக்க அதில் தெரிந்தது.
ஒன்பது வருடத் தவணைக்குக் கையெழுத்துப் போட்ட
என் முகமும்.

பொய் சொல்லக் கூடாது.
செந்தூலில் ஓர் இரவு, பின்னால் எடுக்கும்போது
டயருக்கும் சாக்கடைக்கும் நடுவே படுத்திருந்த பூனையை
அதுதான் காட்டியது.
பூனை எழுந்து முதுகை வளைத்துச் சோம்பல் முறித்து
ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டது.
அந்தப் பூனைக்காக
நாலு மாதம் அதை நான் திட்டவில்லை.

போன வெள்ளி, மாலை ஐந்து, மழை.
பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையின் மஞ்சள் மேடுகளைப்
பாதத்தால் படித்தபடி வந்தாள் இருதயமேரி.
மசாஜ் கடையில் வேலை முடிந்திருந்தது.
வெள்ளைக் கோலை நாலாக மடித்து
முன் இருக்கைதான் வேண்டும் என்றாள்.
பின்னால் உட்கார்ந்தால்
வளைவுகள் கணக்குத் தப்புமாம்.

பழைய கிள்ளான் சாலையில் கார்கள் ஊர்ந்தன.
"குளுருது அண்ணே. இருங்க, நானே குறைக்கிறேன்."
நான் சொல்வதற்குள் அவள் கை போய்விட்டது.
எவனெவன் தோளிலோ
எலும்பு எது முடிச்சு எது என்று
தொட்டதுமே சொல்லிவிடுகிற கை
கண்ணாடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய்
ஒன்றும் கிடைக்காமல் திரும்பியது.
வழியில்
வானொலி சீனத்துக்கு மாறியது.
வரைபடம் சுருங்கிச் சுருங்கி
கோலாலம்பூர் ஒரு கடுகானது.
யாருக்கோ அழைப்பு போனது.

என் மைத்துனனுக்கு.
மூன்று வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

துண்டிக்க அந்தச் சிகப்பு வட்டத்தைத் தேடினேன்.
ஓரிரு விநாடிதான் இருக்கும்.
அதற்குள் முன்னால்
மழைக்கோட்டு, சோற்றுப் பை, மோட்டார்,
அணையாமல் எரியும் ஒரு பிரேக் விளக்கு.
என் கால் போகும் முன்பே
கார் தானாக அழுத்திக்கொண்டது.
பல் கடித்ததுபோல் ஒரு நிற்றல்.
இருதயமேரியின் கோல் காலடியில் உருண்டது.
மோட்டார்க்காரன் திரும்பிப் பார்த்தான்.
ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியவில்லை.
போய்விட்டான்.

"அலோ? மச்சான்? அலோ?"
என்றது கார் முழுக்க மைத்துனன் குரல்.
"வீட்ல எல்லாரும் நல்லாத்தான இருக்காங்க?"
நல்லா இருக்காங்க என்றேன்.
வேறென்ன சொல்ல.

அப்புறம் திரையில்
ஆவி பறக்கும் ஒரு காப்பிக் கோப்பை.
உங்கள் கவனம் குறைகிறது,
சற்று ஓய்வெடுங்கள்.

நான் சிரித்தது அவளுக்கு ஏனென்று புரியவில்லை. சொன்னேன்.
"அதுல ஒண்ணுமே எழுதலையே அண்ணே,
வழவழன்னு கிடக்கு."
எழுதியிருக்கும்மா, பார்த்துத்தான் தொடணும்.
"அப்ப ரோட்ட யாரு பாப்பா?"

இறங்கும் முன் கைப்பையைத் துழாவி
மைக்ரோவேவில் ஒட்டியது போக மிச்சம் என்று
மிளகளவு ரப்பர் புள்ளி ஒன்றை எடுத்தாள்.
குளிர் குறைக்கிற இடத்துக்கு
அவள் விரலைக் கொண்டுபோனேன்.
ஒட்டினாள். இரண்டு தடவை அழுத்தினாள்.

மறுநாள் காலை பக்கம் மாறியிருந்தது.
புள்ளிக்கு அடியில் இப்போது வானொலி.
சாயங்காலம் வரைபடம்.
நேற்று, ஒன்றுமே இல்லாத கறுப்பு.

பிய்த்துவிடலாம்தான்.
சிகப்பு விளக்கில் நிற்கும்போது
விரல் தானாக அங்கே போகிறது,
கண்ணைக் கூப்பிடாமல்.