உட்காரச் சொல்லாத அறை

எந்த மருத்துவமனைக்குப் போனாலும்
முதல் சொல் ஒன்றுதான்:
உட்காருங்கள்.

நின்றுகொண்டே சொல்கிறேனே, என்பேன்.
அப்போதே ஏட்டில் ஏறிவிடும்
என்னைப் பற்றிய முதல் சந்தேகம்.

பதினாறு வருடம் ரீகாவில் ட்ராம் ஓட்டினேன்.
எனக்குச் சம்பளம் கொடுத்ததே
உட்கார்ந்திருந்ததற்குத்தான்.
ஒரு நவம்பரில்
இருக்கைக்கும் எனக்கும் நடுவே
யாரோ கங்கு ஒன்றை வைத்தார்கள்.
தட்டிவிட எழுந்தேன்.
அதுவும் என்னோடு எழுந்தது.

எங்கே வலிக்கிறது?
கணினியைப் பார்த்தபடி கேட்டார் இளம் மருத்துவர்.
அந்த இடத்துக்குக்
குழந்தைகளிடம் ஒரு சொல் உண்டு,
குடிகாரர்களிடம் ஒன்பது உண்டு,
என்னிடம் இல்லை.
கீழே, என்றேன்.
முதுகுத்தண்டைப் படம் எடுத்தார்கள்.

படத்தில் ஒன்றுமில்லை.
சிறுநீரில் ஒன்றுமில்லை.
மகப்பேறு மருத்துவரின் விளக்கு வெளிச்சத்திலும்
ஒன்றுமில்லை.
முத்திரை குத்திய ஒன்றுமில்லைகள்
ஒரு கோப்பு நிறைய வைத்திருக்கிறேன்.

மனநல மருத்துவர் மட்டும் கேட்டார்:
யாராவது உங்களைக் காயப்படுத்தினார்களா?
நாற்காலிகள், என்றேன்.
சிரித்துவிட்டார்.
பிறகு சிரிப்பை நிறுத்தி
துண்டுச் சீட்டில் ஒரு பெயர் எழுதித் தந்தார்.

இதற்கிடையே ஆர்விட்ஸ்
ரொட்டிக் கத்தியால் பழைய மெத்தையை அறுத்து
நடுவில் ஓட்டை போட்டு
ஒரு திண்டு செய்திருந்தான்.
கோணல்மாணலாக இருந்தது.
இரவில் என் தோளை மட்டும் தொடப் பழகியிருந்தான்.
அதைப் பற்றி நாங்கள் இன்னும் பேசவில்லை.

சீட்டில் இருந்த பெயர் இல்வா.
இயன்முறை சிகிச்சையாளர், கண்ணாடி சதா சரிகிறது.
கையுறை போட்டு, அனுமதி கேட்டு,
ஒற்றை விரலைக் கடிகார முள்போல உள்ளே நகர்த்தி
நாலு மணியில் நிறுத்தினாள்.
இதுதானே?
இரண்டரை வருடம் முகவரி இல்லாமல் அலைந்தது
கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தது.
வலித்தது. அழுதேன்.
இரண்டும் வேறு வேறு.

நரம்பின் பெயர் சொன்னாள்.
இலத்தீனில் அதற்கு
வெட்கப்பட வேண்டியது என்று பொருளாம்.
பெயர் வைத்தவன் படட்டும்.

குணமாகும் என்று அவள் சொல்லவில்லை.
ஊசி சில வாரம் தாங்கலாம், தாங்காமலும் போகலாம்.
அடிவயிற்றை இறுக்கிப் பிடிப்பதை விட வேண்டும்,
மூச்சு அங்கே வரை போக வேண்டும்.
குறையும், என்றாள்.
அந்த ஒரு சொல்லை
வீடு வரை நின்றபடி
ட்ராமில் பத்திரமாகக் கொண்டுபோனேன்,
முட்டை கொண்டுபோவதுபோல.

வியாழக்கிழமைகளில்
நூலகத்துக்கு மேலே ஓர் அறை.
நாற்காலிகளை எல்லாம் சுவரோடு அடுக்கியிருந்தார்கள்.
தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த பெரியவர்,
சைக்கிளில் தபால் கொடுத்தவன்,
பாயில் குப்புறப் படுத்தபடியே
கணக்குப் பாடம் எழுதும் மாணவி ஸனே,
தையல்காரி, நான்.
யாரும் யாரையும் உட்காரச் சொல்லவில்லை.
எந்த மாத்திரை நாக்கை மரத்துப்போக வைக்கும்,
எந்தத் திரையரங்கில் கடைசி வரிசைக்குப் பின்னால்
சாய்ந்து நிற்கச் சுவர் உண்டு,
மனைவியிடம் எப்படிச் சொல்வது,
இதெல்லாம் பேசினோம்.
ஆர்கன்காரர் எதுவும் பேசவில்லை.
பாதங்கள் மட்டும்
தரையில் எதையோ வாசித்துக்கொண்டிருந்தன.

இப்போது பதினொரு நிமிடம் உட்கார்கிறேன்.
சில நாள் நாலு.
போன செவ்வாய் ஒன்றுகூட இல்லை;
திண்டைச் சுவரில் அடித்தேன்.

பிப்ரவரியில் தபால்காரன் ஓயார்ஸ்
உறைந்த ஆற்றுக்கு என்னை மீன்பிடிக்க அழைத்தான்.
பனிமேல் எங்கும் ஆண்கள்
மரப்பெட்டிகளில் உட்கார்ந்திருந்தார்கள்,
அது ஒரு விஷயமே இல்லை என்பதுபோல.
பொறாமை இல்லை என்று சொல்ல மாட்டேன்.
அவன் துளை போட்டான்,
பக்கத்தில் இரண்டு ஆட்டுத்தோல் விரித்தான்.
குப்புறப் படுத்தோம், முகத்தை
துளைக்கு மேல் நீட்டி.

கறுப்புத் தண்ணீர்.
ரொம்ப நேரம் எதுவும் இல்லை.
பிறகு ஏதோ ஒன்று திரும்பியது அடியில்,
பக்கவாட்டில் ஒரு கணம் வெள்ளையாக.
பார்த்தாயா, என்றான்.
பார்த்தேன், என்றேன்.