மரமஞ்சள், அரைக் கிலோ

கெபோஸ் லேனில் அரைக் கிலோ மரமஞ்சள் கேட்டேன்.
"வெனிவெலா? தடிமனுக்கு இவ்வளவு வேணாம் மிஸ்,"
என்றார் மசாஹிர், தராசைத் தொடாமல்.

தடிமனுக்கில்லை என்றேன்.
ஆய்வுகூடத்தில் ஒரு மனிதரின் உயிரணுக்கள் இருக்கின்றன.
பெயர் தெரியாது. ஆள் செத்து நாற்பது வருடம்;
அவருடைய புரொஸ்டேட் புற்றுநோய் மட்டும் சாகவில்லை.
முப்பத்தேழு பாகைச் சூட்டில் வைத்து
இரண்டு நாளுக்கொருதரம் நான்தான் சாப்பாடு மாற்றுகிறேன்.
இந்த மஞ்சளை அதற்குக் கொடுத்துப் பார்க்கவேணும்.

கடைப் பொடியனைத் தேத்தண்ணிக்கு அனுப்பினார்.
பிறகு, கல்லாப் பெட்டியைப் பார்த்தபடியே,
இரவில் ஐந்து தரம் எழும்புவதைச் சொன்னார்.
வீட்டில் அதைச் சீனி வருத்தம் என்று சொல்லிவைத்திருப்பதையும்.
மஹரகமவில் எழுதிக் கொடுத்த துண்டு
மடித்து மடித்து
ஏலக்காய் அளவாகியிருந்தது.

"உங்கட மருந்து சரிவந்தா
அங்க போகத் தேவல்லதானே?"

மூன்றாம் நாள் தட்டைத் தூக்கிப் பார்த்தேன்.
தொண்ணூற்றாறு குழிகள்.
மஞ்சள் கூடிய வரிசைகளில்
ஒட்டிக் கிடந்தவை உருண்டு, கழன்று,
மழை விட்டபின் ஈசல் இறகு போல மிதந்தன.
யாருமில்லாத அறையில் ஒருதரம் கை தட்டினேன்.

கை கழுவப் போனால்
தொட்டிக்கடியில் குளோரக்ஸ் போத்தல்.
அதை ஊற்றினாலும்தான் சாகும்.
தட்டுக்குக் குடல் இல்லை, ஈரல் இல்லை,
விழுங்கியதில் பெரும்பங்கை
இரத்தத்துக்கு விடாமல் வெளியே தள்ளும் உடம்பு இல்லை,
ஐந்து தரம் எழும்பும் இரவு இல்லை.

திரும்பப் போய் இதைத்தான் சொன்னேன்.
"செத்ததா, இல்லையா?"
செத்தது.
"பிறகு?"
பிறகு எலி. பிறகு பத்து வருடம்.
பிறகு, ஒருவேளை, ஒன்றுமில்லை.
"பத்து வருஷம்," என்று
விரல் மடிக்கத் தொடங்கியவர்
மூன்றில் விட்டுவிட்டார்.

நூற்று முப்பத்தெட்டு பஸ் மஹரகமவுக்கு நேரே போகும்,
துண்டில் வியாழன் என்றிருக்கிறது.
அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

இன்னொரு அரைக் கிலோ நிறுத்துக் கட்டினார்.
காசு வாங்கவில்லை.
"அந்தப் பேரில்லாத மனிசனுக்கு."

வியாழன் அந்தப் பக்கம் போனேன்,
வேறு வேலை இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.
தராசுக்குப் பின்னால் பொடியன் நின்றான்.
"மொதலாளி இல்ல மிஸ்.
சீனி பாக்க ஆஸ்பத்திரிக்கிப் போன."