நாலாம் மாடிக்காரி

கூரைக்குப் பணம் தரமாட்டேன் என்று
கூட்டத்தில் கை தூக்கியவள் நான்தான்.
என் கூரை, ஐந்தாம் மாடி லிண்டவுராவின் சமையலறைத் தரை.
அவள் கரண்டியை நழுவவிட்டால்
என் தலைக்குமேல் கேட்கும்.
அதற்கும் மேலே பதினெட்டு மாடி,
அதற்கும் மேலே ஒரு வானம்.
அது யார் வீட்டுக் கணக்கோ.

ஜூனில் தொடங்கியிருக்க வேண்டிய வேலை.
ஜூனில் சாவோ பாவுலோவின் மேகங்கள்கூட விடுமுறையில் இருக்கும்.
பேசிப் பேசி அக்டோபர் ஆயிற்று.
அதில் இரண்டு மாதம் என்னுடையது.

ஜெனிவால்டுவும் இன்னும் ஐந்து பேரும்
பழைய தாரைப் பெயர்த்துச் சாக்கில் கட்டி
சர்வீஸ் லிஃப்டில் இறக்கினார்கள்,
பத்திலிருந்து நாலு மணிவரை மட்டும், விதிப்படி.
ஒருநாள் லிஃப்ட் என் மாடியில் நின்று
நகர மறுத்தது.
கதவைத் திறந்தால், கூரை.
பத்தொன்பது மாடி இறங்கி
என்னைப் பார்க்க வந்ததுபோல் நிற்கிறது.
வாய் பிளந்த சாக்கில் ஒரு தார்ப்பாளம்,
அதில் ஒரு பூனையின் நாலு தடம்,
என்றோ இளகிய மத்தியானத்தில் பதிந்தது.
“மூன்று கூரை இருக்கிறது, தோனா ஜுரேமா,
ஒன்றின்மேல் ஒன்று.
யாரும் எதையும் எடுக்கவில்லை.
மூடினார்கள், அவ்வளவுதான்.”

வியாழன், மூன்றரை மணிக்கே இருட்டியது.
மாடிமாடியாய் இன்டர்காம் அலறியது.
நிர்வாகி மரிலூசியா:
“பிளாஸ்டிக் எதுவானாலும். உடனே.”
பிறகு கரண்ட் போய்விட்டது.
குளியலறைத் திரையைக் கழற்றித் தோளில் போட்டு ஏறினேன்.
நீல மீன்கள் போட்ட திரை.
பன்னிரண்டில் மூச்சு நின்றது,
பதினாறில் யார்மேல் கோபம் என்பது மறந்தது,
இருபதில் முழங்கால் மட்டும் பேசியது.
எனக்கு முன்னே மேசை விரிப்புகள்.
பின்னே, நாலு பேர் சுமந்த பேனரில்
தோற்றுப்போன வேட்பாளரின் சிரிப்பு.

கூரை இல்லாத கூரையை அன்றுதான் பார்த்தேன்.
சிசுவின் உச்சிக்குழிபோல் வெறும் சிமெண்ட்.
மிதித்தால் துடிக்குமோ என்று
செருப்பைக் கழற்றினேன்.
சுற்றிலும் ஊர், தலைதலையாக:
தண்ணீர்த் தொட்டி, ஆன்டெனா, ஹெலிகாப்டர் தளம்,
எவரோ ஒரு மாடியில் வளர்க்கும் கோழிகள்.

மழை சொல்லிவிட்டு வரவில்லை.
ஓரங்களில் செங்கல் வைத்தோம்.
செங்கல் தீர்ந்ததும் எங்களை வைத்தோம்.
என் திரையின் மறுமுனையில்
பதினேழாம் மாடி அடெமார்,
பார்க்கிங் சண்டைக்குப் பின் ஆறு வருடம் பேசாதவர்.
அன்றும் பேசவில்லை.
காற்று தூக்கும்போதெல்லாம்
இருவரும் ஒரே நேரத்தில் மிதித்தோம்.

அப்படியும் ஒழுகியது.
உச்சி மாடியில் ஒத்தாசிலியுவின் மெத்தை நனைந்தது.
அவர் வாளிக்கு இடம் தெரியும்,
பதினோரு முறை நிறைந்தது.

டிசம்பரில் புதுக் கூரை.
எனக்கு ரசீது வந்தது,
பதினாலு தவணையில் முதலாவது.
கட்டிவிட்டேன்.
திரை மட்டும் திரும்பவில்லை.
தீக்குழாய்ப் பொறி பட்டு
மீனெல்லாம் ஓட்டையாம்.

திரையில்லாமல் குளிக்கிறேன்.
நேற்றிரவு கதவு தட்டும் சத்தம்.
மூன்றாம் மாடிப் பையன்,
தலையைத் துவட்டியபடி:
“எங்கள் கூரை ஒழுகுகிறது.”