ஏழரை

தராசில் தொங்கவிட்டுச் சொன்னான் கடைப் பையன்:
"ஏழரை. கிலோதான் சார், சனி இல்ல."
என் பழைய ஸ்டீல் பதினாலு.

சீட்டை இரு விரற்கடை ஏற்றி,
ஸ்டெம்மைக் குட்டையாக மாற்றியும்
பிடரியில் ஒரு நெருடல்,
அண்ணன் அளவுக்குத் தைத்த சட்டைபோல.

சத்துவாச்சாரி ரோட்டின் பொடிக்கல்லை
கைக்கு வரவிடாமல் விழுங்கிவிடுகிறது கார்பன்.
பாலாற்றுப் பாலத்தில்தான் பயம்.
ஆடிக் காற்றில் அம்மியும் பறக்குமாம்;
இது அம்மிகூட இல்லை.

ஏலகிரி, ஒன்பதாம் வளைவு.
மிதித்த நொடியே பாய்கிறது,
மிதிக்கத்தான் தொடையில் ஆளில்லை.

என் ஸ்டீலை
பாதி விலைக்கு வாங்கிய ஆம்பூர் முனவ்வர்
முந்திப் போகிறான்,
நான் கழற்ற மறந்த மணியை
ஒருமுறை அடித்துவிட்டு.