ரெட் ஆக்சைடு

அடுப்புக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன்
தனிம வரிசை அட்டவணையை.
கடுகு தெறித்துத் தெறித்து
ஸ்காண்டியத்திலிருந்து துத்தநாகம் வரைக்கும்
எண்ணெய் ஏறிக் கண்ணாடியாகிவிட்டது.
இரும்பின் வழியே சுவர் தெரிகிறது.

முதுகலை ஆசிரியர் தேர்வு, நான்காவது முறை.
போனமுறை இரண்டு மதிப்பெண்ணில் நழுவியது,
அதில் ஒன்று குரோமியம்.
ஒழுங்கான பெண்ணாக
நாலு எஸ்ஸில் இரண்டை வைத்தேன்,
மூன்று டியில் நாலை வைத்தேன்.
குரோமியம் அப்படி வைப்பதில்லை.
வெளியிலிருக்கும் இரண்டில் ஒன்றை உள்ளே கூப்பிட்டு
ஐந்து அறைக்கும் ஆளுக்கொன்றாய்ப் பிரித்துவிட்டு
அப்பாடா என்று உட்கார்ந்துவிடும்.
தெரியாதா எனக்கு?
தெரியும்.
தேர்வறையில் மின்விசிறி ஓடவில்லை.
வேறென்ன சொல்ல.

பூவராகன் அன்றைக்கு வெயிலோடு வீட்டுக்கு வந்தார்.
கையில் டிபன் பாக்ஸ், ஹெல்மெட், ஒரு ஜோடி பூட்ஸ்.
சிப்காட்டில் சாயக் கம்பெனி, பாய்லர்,
பதினேழு வருஷம்.
"கடைசியா வந்தவன்தான் மொதல்ல போகணும்.
சட்டம் அப்படித்தான்" என்றார்.
சம்பளம் அதிகமென்று
முதலில் வந்தவர்களை முதலில் அனுப்பியிருந்தார்கள்.

நான் அப்போது இரும்பில் இருந்தேன்.
இரும்பும் அந்தச் சட்டத்தைப் படித்ததில்லை.
நாலு எஸ் முதலில் நிரம்பும்,
மூன்று டி அதற்குப் பிறகுதான்.
கொடுக்க வேண்டிய நாள் வந்தால்
நாலு எஸ்தான் முதலில் கிளம்ப வேண்டும்.
ஏன் என்று பத்து மதிப்பெண்ணுக்கு எழுதத் தெரியும்.
அவரிடம் அதைச் சொல்லவில்லை.
ரசம் ஊற்றினேன்.

ஓ.டி.யில், துறைமுகத்துக்கு இந்தப் பக்கம்,
ஜன்னல் கம்பி மூன்று வருஷம் தாங்காது.
ராத்திரி காற்று திரும்பி
மருந்து வாடை வரும்போது மூட எழுந்தால்
விரலெல்லாம் பொடி, காவி நிறத்தில்.
உப்பும் ஈரமும் சேர்ந்து கேட்கின்றன,
இரும்பு கொடுக்கிறது.
வெளியே இருந்த இரண்டும் முதலில்.
பிறகு உள்ளே,
ஐந்து அறையில் ஆறு பேர் இருந்தார்களே,
ஒரே அறையில் இரண்டு பேராய்
ஒருவருக்கொருவர் எதிர்ப்பக்கம் சுழன்றுகொண்டு,
அந்த ஜோடியில் ஒன்று.
மிச்சம் ஐந்து,
ஆளுக்கோர் அறை,
எல்லாம் ஒரே பக்கம் பார்த்து.
புத்தகம் இதை நிலைப்புத்தன்மை என்கிறது.

எங்கள் வீட்டில் அறை இரண்டுதான்.
பதினோரு நாளாக அவர் கூடத்தில் படுக்கிறார்,
நான் அடுப்படியில், புத்தகத்தோடு.

பன்னிரண்டாம் நாள் லாரன்ஸ் ரோட்டுக்குப் போய்
அரை லிட்டர் டப்பா, ஒரு பிரஷ்,
நாலு உப்புத்தாள் வாங்கி வந்தார்.
"சும்மா இருக்க முடியல, கம்பியாவது அடிக்கிறேன்."
மூடியை நெம்பித் திறந்ததும் பார்த்தேன்,
ஜன்னலில் சுரண்டியதற்கும் இதற்கும்
ஒரே நிறம்.

"இது துருதாங்க.
எண்ணெயில கொழைச்ச துரு."

"துருவுக்கா நூத்தி அறுபது ரூபா வாங்கினான்?"
சிரித்தார்.
எனக்கு அடுப்பை அணைக்க வேண்டியிருந்தது.

"அது கொடுக்க வேண்டியதெல்லாம் கொடுத்து முடிச்சிடுச்சு.
இனிமே காத்து வந்து கேட்டாலும்
கையில ஒண்ணும் இல்ல.
அதான் காவலுக்கு நிறுத்துறாங்க."

"அப்ப இனிமே அரிக்காதா?"

"அரிக்கும்.
கொஞ்சம் தள்ளிப் போடும்."

எத்தனை நாள் என்று அவர் கேட்கவில்லை.
உப்புத்தாளை நாலாக மடித்து
முதல் கம்பியைத் தேய்க்கத் தொடங்கினார்.
அந்தச் சத்தம் எனக்குப் பல் கூசியது,
போகச் சொல்லவில்லை.

மூன்று கம்பி முடித்தபின் வந்து
தோளுக்குப் பின்னால் நின்றார்.
"எதுல மார்க் போச்சுன்ன?"
பக்கத்தைக் காட்டினேன்.
"இதுலயா?" என்று வைத்த கட்டைவிரல்
நாலு எஸ்ஸின் மேல் சிவப்பாகப் பதிந்தது,
ஈரம், ரேகையெல்லாம் தெளிவாக.

துடைக்கப் போனவரைத் தடுத்தேன்.
அங்கே ஒன்றுதான்.
இனி மறக்காது.