நிலை அறிக்கை

பெட்டி எண் ஏழு.
லாகூரிலிருந்து டாக்காவுக்கு, தோஹா வழியாக.
வரைபடத்தில் விரலை நேராக இழுத்தால் ஒரு சாண்.
பெட்டிக்கு எட்டு நாள்.

திறந்தபோது உடனிருந்தவர்கள்: நான்,
ஸ்க்ரூடிரைவரோடு மொஃபஜ்ஜல்,
மின்சாரம் போய் நின்றுவிட்ட விசிறி.

பொருள்: ஒரு வாசற்படி.
ஊடகம்: பாறை உப்பு, ரோஜா நிறம்.
கலைஞர்: துர்ரேஷஹ்வார். விசா நிலுவையில்.
நிலை என்ற கட்டத்தில் எழுதினேன்:
இடது மூலையில் மயிரிழை விரிசல்,
முன்பே இருந்தது.

இந்த வேலையில் நான் அதிகம் எழுதிய வாக்கியம் அது.
முன்பே இருந்தது. முன்பே இருந்தது.
நாற்பத்தேழிலா, எழுபத்தொன்றிலா என்று கேட்க
என் படிவத்தில் இடமில்லை.

மாடியில் சுபின் சித்ரகாரின் துணி.
காத்மாண்டுவிலிருந்து சுருட்டி வந்தது.
ஒளிவட்டம் இருக்கிறது, பூ இருக்கிறது,
ஏறி உட்கார ஆளில்லாமல் வாகனம் நிற்கிறது,
நடுவில் சாமி இல்லை.
சேதமா என்று எழுதிக் கேட்டேன்.
"திருடு போனதைத்தான் வரைந்திருக்கிறேன்" என்று பதில் வந்தது.
சேதமில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் லிபிகா கோஸ்டா
செங்கல் ஜல்லியைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.
கல் கிடைக்காத நாடு.
மலை கரைந்து ஆறு கொண்டுவந்த மண்ணைச்
சுட்டுக் கல்லாக்கி
கல்லை உடைத்து ஜல்லியாக்கி
அதன்மேல் பாலம் கட்டுகிறோம்.
தேஜ்காவ் ஓரம், கறுப்புக் குடைக்குக் கீழே
சுத்தியல் பிடிக்கும் பெண்களிடம்
கூடைக் கணக்கில் வாங்கியது.
அவர்கள் விரலில் சுற்றிக்கொள்ளும்
ட்யூப் ரப்பர் துண்டுகளும் குவியலில் கிடந்தன.
அவையும் படைப்பில் சேர்த்தியா என்றேன்.
"கேட்டுச் சொல்கிறேன்" என்றாள்,
அவர்களிடம்.

சனிக்கிழமை ராத்திரி ஆஷாட மழை.
ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
வாசற்படி வியர்த்தது.
வியர்த்தது வழிந்து
தரையின் சாய்வைக் கண்டுபிடித்து
ப்ளைவுட் தடுப்பின் அடியில் நுழைந்தது.
யாரும் முத்திரை கேட்கவில்லை.

மூன்றாம் நாள் வெயில்.
ஜல்லியெல்லாம் உப்புப் பூத்திருந்தது.
எங்கள் வீடுகளில் இதற்கு நோனா என்று பெயர்,
சுவரைத் தின்னும் சீக்கு.
இங்கே பஞ்சு மாதிரி,
ஊதினால் பறக்கும் போல இருந்தது.

லண்டனிலிருந்து காப்பீட்டுக்காரர் கேட்டார்:
எந்தப் பொருளுக்குச் சேதம்,
எந்தப் பொருளால்?

செல்பேசியைத் திருப்பிப் படியைக் காட்டினேன்.
"எவ்வளவு போயிற்று?" என்றாள் துர்ரே.
இரண்டு விரற்கடை.
"எங்கே போயிற்று?"
ஜல்லியைக் காட்டினேன்.
லிபிகா ஒரு துண்டெடுத்து நக்கிப் பார்த்தாள்.
கரிக்கிறது என்றாள்.

துர்ரே சிரிக்கவில்லை.
"அதற்கு இரண்டு வருஷம் வேலை செய்தேன்."
"என் செங்கல் இனி செங்கல் இல்லை" என்றாள் இவள்.
ஆங்கிலத்தில்தான் சண்டை.
டாக்காவில் நின்று உருது பேச ஒருத்தி மாட்டாள்;
மற்றவளுக்கு வங்காளம் தெரியாது.
உப்பு என்று சொல்லவேண்டிய இடத்தில் மட்டும்
ஒருத்தி நமக் என்றாள், ஒருத்தி நூன் என்றாள்,
இருவரும் ஒரு கணம் நின்றார்கள்.
பிறகு மறுபடி சண்டை.
கடைசியில் துர்ரே, "துடைத்துவிடாதீர்கள்" என்றாள்.
விளக்கம் சொல்லாமல் திரையை அணைத்தாள்.

தடுப்பின் அடியில் வெள்ளையாக ஒரு கோடு.
மொஃபஜ்ஜல் துடைப்பத்தோடு வந்து
அதைத் தாண்டாமல் நின்றான்.
தரைக்கு அறிக்கை எழுதும் வழக்கமில்லை.
எழுதினேன்.
பொருள்: தரை. பிறந்த நாடு:
அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

இழப்பு இரண்டு விரற்கடை என்பதில்
ஒரு சிட்டிகை கணக்கு உதைக்கும்.
முதல் நாள், பெட்டியின் அடியில் உதிர்ந்து கிடந்ததை
மொஃபஜ்ஜலும் நானும்
கொய்யாக்காய்க்குத் தொட்டுக்கொண்டோம்.
நன்றாக இருந்தது.
அது அறிக்கையில் இல்லை.