கை கொடுக்கிறவன்

வங்கிப் படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில்
கூலி என்று எழுதினேன்.
கடிபடுகிறவன் என்று எழுதினால்
கடன் தரமாட்டார்கள்.

கடலூர் முதுநகர், உப்பனாற்றங்கரை,
படகுப் பட்டறைக்குப் பின்னால் எங்கள் மைதானம்.
சிப்காட் பக்கமிருந்து காற்றடிக்கும் நாளில்
நாய்களே தும்மும்.

மிளகை யாகப்பன் கொண்டுவந்தபோது அதற்கு நாலு மாதம்.
பால்பல் உதிர்கிற வயது.
புதுப்பல் இறுகும்வரை
எதையும் இழுக்கக் கொடுக்கவில்லை.
பிறகு ஒரு முந்திரிச் சாக்கு,
சுருட்டி, இரண்டு முனையும் தைத்து.

நுனிப்பல்லால் கவ்வியது.
உறுமியது, மென்றது, இடம் மாற்றிக்கொண்டே இருந்தது,
வெற்றிலையை அதக்குகிற வாய்போல.
வேலியோரம் நின்றவர்கள்
என்ன ஆவேசம் என்றார்கள்.
அது பயம்.

தாடையில் பலமில்லையா அண்ணே,
எலும்பு வாங்கிப் போடட்டுமா?
யாகப்பனுக்கு ஐஸ் கம்பெனி காவலைப் பற்றிய கவலை.
தாடை எல்லா நாய்க்கும் இருக்கிறது, தம்பி.
வாய் நிறையக் கவ்வ
நெஞ்சு வேண்டும்.

அதற்காக நான் தோற்றேன்.
தினமும் காலை பத்து நிமிடம் தோற்றேன்.
நுனியில் பிடித்தால்
சாக்கை மெல்ல என் பக்கம் நழுவவிட்டேன்.
போகிறதே, போகிறதே என்று
அதுவாக முன்னால் தள்ளி
ஆழமாகக் கவ்விய கணம்
முழங்கால் மடங்கி, ஐயோ என்று முனகி
சாக்கை விட்டேன்.
அரை நொடி முந்தினால் கற்றுக்கொள்ளாது.
பிந்தினால் கோழையாகிவிடும்.
ஜெயித்தே பழகியவர்கள்
இந்த வேலைக்கு லாயக்கில்லை.

ஐப்பசியில் ஸ்லீவ். இடது கை.
தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக்
காதருகே குலுக்கினான் உதவிக்கு வந்த பையன்.
மழை வேறு.
மிளகு ஓடிவந்து
கடைவாய் வரைக்கும் உள்ளே வாங்கியது.

சத்தமில்லை.
உறுமல் போன இடத்தில் மூக்கிலிருந்து மூச்சு மட்டும்,
சூடாக, சீராக.
டாக்டர் பட்டை கட்டிப் பிரஷர் பார்க்கும்போது
இறுகி இறுகி ஓரிடத்தில் நிற்குமே,
அப்படி நின்றது.
சணலுக்கும் தோலுக்கும் அடியில்
என் நாடி எனக்கே கேட்டது.

ராத்திரி எண்ணெய் தடவும்போது
புளோரா கேட்டாள்:
இவ்வளவு கன்னிப்போயிருக்கே,
அந்த நாய்க்கு உங்களைப் பிடிக்குமா?
நாய் என்னைப் பிடிக்கும்.
நாய்க்கு என்னைப் பிடிக்குமா, தெரியாது.
நடுவில் ஒரு க்கு இருக்கிறது,
அதற்கு இன்னும் யாரும்
சம்பளம் தரவில்லை.

தை மாதம் யாகப்பன் வந்தான்.
விடு என்றேன்,
ஒரே சொல்லில் விட்டது.
வண்டியில் ஏறியது.
கை லேசாகி
அன்று முழுக்க எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

போன வாரம் விடிகாலை
ஐஸ் கம்பெனி வழியாக சைக்கிளில் போனேன்.
கேட்டுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தது.
குரைக்கவில்லை.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
இடது கையைப் பார்த்தது.
வால் ஒருமுறை தரையைத் தட்டியது.

மீன் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
அப்போதுதான் கவனித்தேன்,
கம்பிகளுக்கு நடுவே
நீட்டியிருக்கிறேன்,
வெறும் சட்டைக்கையோடு.